இரண்டாவது கலயம்

என் தங்கச்சி ஜெயக்கொடியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. குறை அவளிடத்தில் இல்லை. என் புத்தி அப்படி.

நான் வீரணன். கப்பலூருக்கு மேற்கே கரிசல் காட்டில் ஒன்பது குறுக்கம் நிலம் வைத்து வெள்ளாமை செய்கிறவன். பருத்தி போடுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது என்று நானே நாலு பேரிடம் சொல்லி, அதை அந்த நாலு பேரும் திருப்பிச் சொல்லக் கேட்டு, உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஜெயக்கொடியை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் புஞ்சையும் என் புஞ்சையும் ஒரே வரப்பில். அவள் புருஷன் சோணை கண்டிச் சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனான். போகும்போது என் கையைப் பிடித்து, "மச்சான், உங்களை நம்பித்தான் போறேன்" என்றான். நானும் மீசையைத் தடவிக்கொண்டு, "போயிட்டு வா மாப்ள, நான் இருக்கேன்ல" என்றேன்.

இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். கரிசலில் வெள்ளாமை செய்தவனுக்குத் தெரியும், மழை பெய்த அன்று புஞ்சைக்குள் கால் வைக்க முடியாது. சேறு முழங்காலைப் பிடிக்கும். இரண்டு நாள் காய்ந்ததும் பதம் வரும். பதம் நாலு நாள் நிற்கும். அந்த நாலு நாளுக்குள் உழுது விதைத்தால் பயிர், தவறினால் தரிசு. சோணை கப்பலேறிய வருஷம் ஐப்பசியில் மழை பெய்தது. ஜெயக்கொடிக்கு அப்போது மாடு இல்லை. என் ஏரை நம்பி வரப்பில் விதைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். நான் வெளியூர்க் கூலி ஏர் இரண்டைச் சேர்த்துக்கொண்டு என் ஒன்பது குறுக்கத்தையும் முடித்துவிட்டு ஐந்தாம் நாள் அவள் புஞ்சைக்குள் ஏரை இறக்கினேன். கலப்பைக் கொழு மண்ணில் இறங்கவில்லை. விதைத்தோம், என்ன பிரயோசனம், காக்கைக்கு இரை. அவள் காலி விதைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். நானும் மழையைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

அந்த வருஷந்தான் அவள் வீட்டுப் பசு ஒரு செவலைக் காளைக்கன்று போட்டது. அடுத்த ஈற்றில் ஒரு மயிலை. இரண்டையும் விற்காமல் வளர்த்தாள். தனக்கென்று ஒரு சோடி வேண்டும், இனி எவன் ஏருக்கும் காத்திருக்கக் கூடாது என்று தீர்மானித்துவிட்டாள். அந்த 'எவன்' நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வளர்த்த விதம்தான் ஊருக்கே வேடிக்கை. இருந்த நாலு குறுக்கத்தில் ஒரு குறுக்கத்தை மாட்டுக்கென்று ஒதுக்கி நரிப்பயறு விதைத்தாள். நரிப்பயறு தரையோடு தரையாகக் கொடி ஓடும், மூன்று விரல் மாதிரி இலை, மஞ்சள் பூ, கடுகைவிடக் கொஞ்சம் பெரிய விதை. மனுஷன் ஆக்கித் தின்னலாம், பஞ்சத்துக்குத் தின்றும் இருக்கிறோம். ஆனால் அதற்கென்று புஞ்சையை யாராவது ஒதுக்குவார்களா?

"மனுசன் வாய்க்கே வழியில்ல, மாட்டுக்கு விருந்து வைக்கிறா" என்று சாவடியில் சிரித்தார்கள். என் சிரிப்புத்தான் அதில் பெரிய சிரிப்பு.

அவள் சட்டை செய்யவில்லை. தை மாதம் காய் முற்றி நெத்தாகும்போது, வெயில் ஏறினால் வெடித்துச் சிதறிவிடும் என்று பனி ஈரம் காயுமுன் விடிகாலையில் போய் மடிமடியாகப் பறித்து வருவாள். கொடியை அறுத்து உணத்தி, சோளத்தட்டையோடு கலந்து கன்றுகளுக்குப் போடுவாள். மறு வருஷம் அந்தக் குறுக்கத்தில் பருத்தி போட்டுவிட்டு, நரிப்பயற்றை அடுத்த குறுக்கத்துக்கு மாற்றுவாள். பயறு படுத்த நிலத்தில் பருத்தி, என் பருத்தியைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. மண்ணு வாகு என்று சொல்லி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஐந்து வருஷத்தில் செவலையும் மயிலையும் ஏருக்கு வந்துவிட்டன. மினுமினுவென்று தோல். நுகத்தடியைக் காட்டினால் தாமாகவே கழுத்தைக் கொடுக்கும்.

ஆறாம் வருஷத்துக்கு வருகிறேன். அந்தத் தையில் இராமநாதபுரச் சீமையிலிருந்து பேயாண்டி கீதாரி முந்நூறு செம்மறியோடு வந்தார். ஆட்டைப் பகலில் மேயவிட்டு, இரவில் புஞ்சையில் பட்டி அடைத்துப் படுக்கப்போட்டால் புழுக்கையும் மூத்திரமும் எருவாகும். கிடை போடுவது என்று அதற்குப் பெயர். எல்லோரும் அடுத்துப் பருத்தி போடப்போகிற புஞ்சையில் போடச் சொல்லி அவரை இழுத்தோம். ஜெயக்கொடி மட்டும் நெத்து முற்றி நின்ற நரிப்பயற்றில் பாதியைப் பறிக்காமலே விட்டு, "ஆட்டை இதுல மேய விடுங்க கீதாரி. ராத்திரிக்கு மேட்டுப் புஞ்சையில கிடை போடுங்க" என்றாள். மேட்டுப் புஞ்சை என்பது அவள் நிலத்தின் தலைமாட்டில் கிடக்கும் சரளைத் தரிசு. கொழு பட்டால் நெருப்புப் பறக்கும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விளைஞ்ச நெத்தை ஆட்டுக்குக் குடுத்து, அதோட எருவைச் சரளையில கொட்டுறியே! உனக்கென்ன கிறுக்கா?"

"கிடக்கட்டும்ணே. தரிசும் ஒரு வாய் திங்கட்டும்."

எட்டு இராத்திரி கிடை கிடந்தது. தினமும் பட்டியைத் தள்ளித் தள்ளி அடைத்தார் பேயாண்டி. ஒன்பதாம் நாள் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிழக்கே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வானம் வாயைப் பொத்திக்கொண்டது. சித்திரையில் ஒரு தூற்றல் இல்லை. வைகாசியில் மாட்டுக்குக் குவித்து வைத்த தட்டைப் படப்புகள் தரை தட்டின. ஆடி பிறந்த பிறகுதான் மேற்கே கறுத்தது. அந்தச் சமயம் பார்த்து ஜெயக்கொடியின் நாத்தனாருடைய மாமனார் இறந்துபோக, அவள் செக்கானூரணிப் பக்கம் கேதத்துக்குப் போனாள். "ரெண்டு நாளைக்கு மாட்டைப் பார்த்துக்கண்ணே" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் காட்டப் போனபோது அவள் முற்றத்தில் உரலுக்குப் பக்கத்தில் இரண்டு கலயம் இருந்தன. இரண்டிலும் நரிப்பயற்று விதை. ஒன்றில் இருந்தது மணலோடு சேர்த்துக் குத்தியது; விதையின் பளபளப்பு மங்கி வெளுத்திருந்தது. இன்னொன்றில் இருந்தது குத்தாதது, கறுகறுவென்று மினுங்கியது. நரிப்பயற்றுத் தோல் கல் மாதிரி. மணல் போட்டு லேசாகக் குத்தித் தோலைக் கீறிவிட்டால்தான் ஈரம் உள்ளே போய் மூன்றாம் நாளே முளைக்கும். கீறாத விதை இந்த மழைக்கு முளைத்தாலும் முளைக்கும், அடுத்த மழை வரை கிடந்தாலும் கிடக்கும்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான்: பாவம், பொம்பளை ஒற்றையாளாகப் பாதி குத்தியிருக்கிறாள், மீதிக்கு நேரம் இல்லாமல் கேதத்துக்கு ஓடிவிட்டாள். வானமோ இடிக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன் செய்த பாவத்துக்கு இன்றைக்கு ஒரு பரிகாரம் செய்வோமே என்று வேட்டியை மடித்துக் கட்டி உலக்கையைத் தூக்கிவிட்டேன். ஆம்பிளை உலக்கை பிடித்தால் தெருவில் என்ன நடக்கும்? மூன்று வீட்டு வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள்.

என் பெண்சாதி முத்துத்தாய் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "நம்ம வீட்டு உரலு எங்க இருக்குன்னாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

நான் நிறுத்தவில்லை. உள்ளங்கை கொப்பளிக்கக் கொப்பளிக்க அந்த இரண்டாவது கலயம் முழுவதையும் குத்தி, புடைத்து, முதல் கலயத்தோடு சேர்த்துக் கலந்தும் வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஜெயக்கொடி வந்தாள். கலயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். விதையை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"முழுசையும் குத்திட்டியாண்ணே?"

"ஒரு மணி மிச்சமில்லாம!"

அவள் என் உள்ளங்கையைத் திருப்பிக் கொப்பளத்தைப் பார்த்தாள். "வலிக்கும். விளக்கெண்ணெய் தடவிக்க" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் நெஞ்சை நிமிர்த்தி வீடு வந்தேன்.

மழை பெய்தது. ஜெயக்கொடி தானே ஏர் பிடித்து உழுது விதைத்தாள். நாலாம் நாள் புஞ்சை முழுக்கப் பச்சை. ஒரு விதை தப்பவில்லை. போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "பாத்தியா, நான் குத்துன விதை" என்றேன். ஐந்தாம் நாளிலிருந்து ஆடிக் காற்று எழுந்தது. அம்மியைத் தூக்குகிற காற்று, ஈரத்தை விடுமா? மேகம் மலைப்பக்கம் போய்த் திரும்பவே இல்லை. பதினைந்தாம் நாள் இலை சுருண்டது. இருபத்தைந்தாம் நாள் புஞ்சை பழையபடி கறுப்பு.

அவள் நடுப்புஞ்சையில் குத்தவைத்து ஒரு காய்ந்த முளையைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய், "மழை ஏமாத்திருச்சு ஆத்தா" என்றேன்.

"மழை என்னைக்குண்ணே ஏமாத்தாம இருந்துச்சு? அதுக்குத்தான் பாதியக் குத்தாம வச்சிருந்தேன். குத்துன பாதி மொத மழைக்கு. அது செத்தா, குத்தாத பாதி மண்ணுக்குள்ளயே கிடந்து அடுத்த மழைக்கு வரும். வருசா வருசம் அப்படித்தான் விதைக்கேன்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்தவன் கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த ஆளாகவே நிற்கும்போது சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே, கலயத்தைப் பார்த்த மாத்திரத்தில், அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என் கொப்பளத்துக்கு மருந்து சொல்லியிருக்கிறாள்.

"ஏன் ஆத்தா அன்னைக்கே என்னை வையல?"

"வைஞ்சா கீறுன விதைத் தோலு ஒட்டிக்குமா?"

ஆவணி பாதி கழிந்ததும் கோரிப்பாளையம் சிக்கந்தர் ஊருக்குள் வந்தார். மாட்டு வியாபாரி. பஞ்சம் எந்த ஊரில் என்பது அவருக்கு முதலில் தெரியும். ஆனால் நல்ல மனுஷர். எலும்பும் தோலுமான மாட்டைப் பார்த்தால் முகம் வாடிப்போகும். என் சோடி எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கண் முன்னால் சாவதற்குப் பதில் எங்கேயாவது தண்ணீர் இருக்கிற ஊரில் பிழைக்கட்டும் என்று அவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டேன். முத்துத்தாய் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து ஜெயக்கொடி வாசலுக்குப் போனோம். அவள் கூரையில் ஏறி, வேய்ந்திருந்த பழைய சோளத்தட்டையை உருவிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். செவலையும் மயிலையும் அந்த மக்கலை மென்றுகொண்டிருந்தன. விலா எலும்பை எண்ணலாம்.

"தங்கச்சி, கூரை எத்தினி நாளைக்கு வரும்? குடுத்துருமா. கம்பம் பக்கம் தண்ணி கிடக்கு, அங்க கொண்டு விட்டுர்றேன். அல்லா மேல ஆணையா கசாப்புக்குக் குடுக்க மாட்டேன்" என்றார் சிக்கந்தர்.

"நாப்பது நாள் கழிச்சு வாங்க பாய். அன்னைக்கு இதுக நடக்கலைன்னா நானே கயித்தை உங்க கையில தாரேன்."

"நாப்பது நாள்ல என்ன ஆகும்?" என்றேன் நான்.

"தெரியலண்ணே. மழைப் பேறும் பிள்ளைப் பேறும் மகாதேவனுக்கே தெரியாதும்பாக. எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இன்னொரு கட்டை உருவிப் போட்டாள். அன்றைக்கு அவள் வீட்டு அடுப்படியில் வெயில் அடித்தது.

பத்தாம் நாள் மழை வந்தது. பலத்த மழை, ஒரு பகல் முழுக்க. ஆனால் என்ன பயன்? விதைக்க அவளிடம் ஒரு மணி நரிப்பயறு இல்லை. கலயத்தைக் காலி செய்தவன் நான்தானே. அவள் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.

எட்டாம் நாள் வண்டிப்பாதை மேட்டில் ஏறியவன் அப்படியே நின்றுவிட்டேன். அவளுடைய மேட்டுப் புஞ்சை, அந்தச் சரளைத் தரிசு, பச்சையாக இருந்தது. முழுக்க அல்ல, கட்டம் கட்டமாக. நூல் பிடித்து அளந்தது போல எட்டுக் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் மூன்று விரல் இலை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. கட்டத்துக்கு வெளியே ஒரு செடி இல்லை.

எட்டு இராத்திரி. எட்டுப் பட்டி. பேயாண்டி கிடை.

ஜெயக்கொடி ஒரு கட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஆட்டுக் கொட்டில் குப்பையில வருசா வருசம் நரிப்பயறு முளைக்குமே, பார்த்ததில்லையா நீ?"

பார்த்திருக்கிறேன். களை என்று பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

"யாரு அங்க விதைச்சான்னு யோசிச்சேன். ஒரு புழுக்கையை உடைச்சுப் பார்த்தேன். உள்ள விதை முழுசா இருந்துச்சு. ஆட்டு வயித்தாலயும் அதைச் செரிக்க முடியல. சரி, கலயத்துல பாதி, ஆட்டு வயித்துல கொஞ்சம்னு ரெண்டு இடத்துல வைப்போம்னு நினைச்சேன். ஆடியில பெஞ்ச மழை புழுக்கையோட மேல்தோலைத்தான் நனைச்சுச்சு. இந்த மழையிலதான் கரைஞ்சிருக்கு." என் பக்கம் திரும்பினாள். "முளைக்கும்னு எனக்கும் உறுதி இல்லண்ணே. ஆனா உன் உலக்கைக்கு எட்டாத இடம் அது ஒண்ணுதான் இருந்துச்சு."

நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பருத்தியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இத்தனை வருஷம் பேசியவன், ஒரு புழுக்கையை எடுத்து உடைத்துப் பார்த்தேன். எழுத்து வாசனை இல்லாத என் தங்கச்சி, குப்பைமேட்டைப் பார்த்து இத்தனை தூரம் யோசித்திருக்கிறாள். அவளுக்கு அண்ணன் என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்குத்தான் எனக்குப் பெருமையாக இருந்தது. கூச்சமாகவும் இருந்தது.

முதல் பதினைந்து நாள் ஒரு இணுக்குக்கூடக் கிள்ளவில்லை. மழைக்கு முளைத்த காட்டுப் புல்லைக் கொத்திப் போட்டுச் சமாளித்தாள். பிறகு ஒரு நாளைக்கு ஒரு கட்டத்தில் பாதி என்று அறுத்துக் கூரைத்தட்டையில் கலந்து போட்டாள். ஏழாவது கட்டத்துக்கு வருவதற்குள் முதல் கட்டம் மறுபடி தழைத்துவிடும். கடைசிக் கட்டத்தை விதைக்கு விட்டுவிட்டாள். புரட்டாசிக் கடைசியில் சிக்கந்தர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். மயிலையின் முதுகில் கையை வைத்துத் தடவினார். பிறகு மேட்டுக்குப் போய்க் கட்டங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார்.

"தங்கச்சி, முப்பது வருசமா மாடு பார்க்கிறேன். பஞ்சத்துல மாட்டை வித்தவுகளைப் பார்த்திருக்கேன், சாகக் குடுத்தவுகளைப் பார்த்திருக்கேன். சரளையில மேய்ச்சல் எடுத்த ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். மாஷா அல்லா!" என்றார். கையில் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி நாலாம் தேதி அடைமழை. இரண்டு நாள் காய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் மண்ணைப் பிடித்துப் பார்த்தேன், பதம். என் ஒன்பது குறுக்கமும் பதம். ஆனால் என் தொழுவத்தில் இரண்டு காலி முளைக்குச்சிதான் இருந்தது. ஊரில் மாடு மிஞ்சினது நாலைந்து வீட்டில். பதத்து நாளில் யார் தன் வேலையை விட்டுவிட்டு அடுத்தவனுக்கு வருவான்? நான் போனேனா என்ன? விதைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தேன். ஆறு வருஷத்துக்கு முன் அவள் உட்கார்ந்த அதே வரப்பு. அந்தப் பக்கம் ஜெயக்கொடி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். கொழு வெண்ணெயில் போகிற மாதிரி போயிற்று. நாலு குறுக்கம்; நாலு நாள் பதமும் அவளுக்கே சரியாக இருக்கும். ஐந்தாம் நாள் வருவாள் என்று கணக்குப் போட்டேன். வந்தால் அதுவே பெரிது. கேட்க எனக்கு வாய் இல்லை.

மறுநாளும் போய் உட்கார்ந்தேன். அந்தியில் வீடு திரும்பினேன்.

பதம் வந்த மூன்றாம் நாள் விடியுமுன்பே போய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். மாட்டுக் கழுத்துமணி கேட்டது. செவலையும் மயிலையும் என் புஞ்சைக்குள் நின்றன. ஜெயக்கொடி கலப்பையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து ஓடினேன். "ஆத்தா, உன் புஞ்சை முடியலையே! இன்னும் ரெண்டு குறுக்கம் கிடக்குதே!"

"கிடக்கட்டும். எனக்கு ரெண்டு நாளு, உனக்கு ரெண்டு நாளு."

"அன்னைக்கு நான் அஞ்சாம் நாளுதானே ஆத்தா உனக்கு வந்தேன்?"

"தெரியும்ணே" என்றாள். "அதான் மூணாம் நாளே வந்தேன்."

கலப்பையின் மேழியை என் கையில் கொடுத்துவிட்டு, என் விதைப்பெட்டியை வாங்கிக்கொண்டு, எனக்குப் பின்னால் விதைத்துக்கொண்டே வந்தாள். என் கண்ணுக்கு உழவுசால் தெரியவில்லை. மாடுகளுக்குத் தெரிந்தது, அவை நேராகப் போயின.